தாசில்தாரின் பின்னங்கால்

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவன் கையில் முதல் ஒரு வருஷத்துக்கு ஒன்றைக் கொடுக்கவே கூடாது என்று எங்கள் அத்தான் சொல்வார். எதைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் எனக்கு மறந்துவிட்டது. வீட்டுச் சாவி என்றாரா, கார் சாவி என்றாரா, கருத்துச் சொல்லும் வாய்ப்பு என்றாரா, இந்த மூன்றில் ஏதோ ஒன்று. அவரையே கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

உட்காருங்கள் சார், அந்த நாற்காலி காலிதான். கூடையில் பூனையா? முதுகுக்கா? ரொம்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். இந்த மிருக ஆஸ்பத்திரியில் வெளிச்சம் அடித்தே முதுகை நிமிர்த்திவிடுகிறார்கள். பயப்படாதீர்கள், என் காலடியில் படுத்திருக்கிற இந்த நாய், இவன் கடிக்க மாட்டான். இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் பல் பட்டிருக்கிறது, அதுவும் டாக்டரின் சட்டைக் கையில். அதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்கிறேன், நமக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. என் அக்கா ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறாள். கூடவே இன்னொரு அம்மாவும் வருகிறார். அவர்கள் வந்தால்தான் எங்களை உள்ளே கூப்பிடுவார்கள்.

இவன் பெயர் தாசில்தார். சிரிக்காதீர்கள், அப்படித்தான் மருத்துவச் சீட்டிலும் எழுதியிருக்கிறது. அத்தான் தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருஷம் கிளார்க்காக இருந்தவர். எத்தனை தாசில்தார்களுக்கு எழுந்து நின்றிருப்பார்! ரிட்டையரான மறு வாரமே ஒரு கறுப்பு நாய்க்குட்டியை வாங்கி வந்து இந்தப் பெயரை வைத்தார். சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, "தாசில்தார், உக்காரு. தாசில்தார், அதைத் தொடாத. தாசில்தார், வெளிய போய் இரு" என்று அதட்டுவார். பென்ஷனை விட அதில்தான் மனுஷனுக்குத் திருப்தி. அவர் போன பிறகு அக்காவுக்கு இவன்தான் துணை. பிள்ளை குட்டி கிடையாது. இவன் சாப்பிட்ட பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். நான் கனடாவிலிருந்து போன் பண்ணினால்கூட முதல் ஐந்து நிமிடம் தாசில்தார் சமாச்சாரம்தான். தம்பி சாப்பிட்டானா என்பது கடைசியில், நேரம் இருந்தால்.

நானா? மோகனசுந்தரம். இருபத்தொரு வருஷம் டொரண்டோ பக்கத்தில், கார் உதிரிப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. காவலாளி இல்லை சார், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தொழிற்சாலையில் ஒருவன் விரல் நசுங்கினால் நான் போய் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். அங்கே ஒரு நாகரிகம் உண்டு. யார் செய்தது என்று கேட்கவே மாட்டோம். ஏன் நிகழ்ந்தது என்றுதான் கேட்போம். ஆளைக் குற்றம் சொன்னால் உண்மை வெளியே வராது, அடுத்த தடவை எல்லோரும் மறைப்பார்கள். இதையே நான் எத்தனை வகுப்பில் பாடமாக எடுத்திருக்கிறேன் தெரியுமா? இங்கே பாருங்கள், பால் பொங்கினாலும் முதல் கேள்வி "எவன்டா அடுப்புகிட்ட நின்னது?" என்பதுதான்.

ஏன் திரும்பி வந்தேன் என்று கேட்காதீர்கள். அங்கே தனியாக இருந்தேன். தனியாகத்தான் இருக்க வேண்டும் என்றால் தோசை கிடைக்கிற ஊரில் இருக்கலாமே என்று வந்தேன். எட்டு மாதம் ஆகிறது. வடவள்ளியில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன்.

இப்போது விபத்துக்கு வருகிறேன். மார்ச் பதினொன்றாம் தேதி, காலை ஏழு நாற்பது மணிக்கு, எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு கார் பின்பக்கமாக நகர்ந்தது. அதே சமயத்தில் ஒரு நாய் அங்கே படுத்திருந்தது. காரின் சக்கரத்துக்கும் நாயின் இடது பின்னங்காலுக்கும் தொடர்பு ஏற்பட்டது.

காரில் யாராவது இருந்தார்களா என்கிறீர்களா? இருந்தார்கள். நானும் இருந்தேன்.

ஆனால் காரணங்களைப் பாருங்கள். கிழக்கு வெயில் நேராகக் கண்ணில். பின்னால் பார்க்கிற கேமராவில் தூசி. நாயும் கறுப்பு, டயரும் கறுப்பு. அந்த இடத்தில் ஒரு நாய் தினமும் படுப்பதாக யாரும் எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவில்லை. இருபத்தொரு வருஷமாக இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டியவனுக்குக் கழுத்து வலது தோள் பக்கமாகத்தான் திரும்பும், இங்கே ஸ்டியரிங் வலது பக்கத்தில். மொத்தம் ஆறு காரணம் கண்டுபிடித்தேன். ஒரு தாளில் வரிசையாக எழுதி அக்காவிடமே கொடுத்தேன். அவள் அதை மடித்து சாமி அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஒரு வார்த்தை திட்டவில்லை சார். அதுதான் எனக்கு ஆத்திரம். "குருட்டுப் பயலே, கண்ணு எங்கடா போச்சு?" என்று ஒரு தடவை கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி விஷயத்தை முடித்திருப்பேன். அவள் நாயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மோகனு, வண்டிய மெதுவா ஓட்டு" என்று மட்டும் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, தசையும் மூட்டுப் பக்கத்து நாரும் கிழிந்திருக்கிறது, வீக்கம் வடிய நாளாகும் என்றார்கள். திரும்பி வரும்போது அக்கா இன்னொன்று சொன்னாள். "இனி எல்லாத்துக்கும் நீயே கூட்டிட்டுப் போ." தண்டனையா, நம்பிக்கையா என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

அப்படித்தான் இந்த லேசர் வைபவம் ஆரம்பித்தது. டாக்டர் சிந்துஜாவைப் பார்த்திருப்பீர்கள். இருபத்தெட்டு வயசு இருக்கும், பேச்சு மட்டும் அறுபது. "பன்னெண்டு சிட்டிங் சார். திங்கள், புதன், வெள்ளி. வலி குறையும், வீக்கம் வடியும், காயம் சீக்கிரம் ஆறும்" என்றார். லேசர் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட்டின் விலையைப் படிப்பது. இன்னொன்று மீட்டிங்கில் சுவரில் ஆடும் சிவப்புப் புள்ளி. அதில் வலி குறைந்து நான் பார்த்ததில்லை, கூடித்தான் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் உள்ளே போனால் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி. டாக்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தாசில்தாருக்கு வார் வைத்த ஒன்று. கண்ணாடியை மாட்டியதும் இவன் ஊட்டிக்குத் தேனிலவு போகிறவன் மாதிரி மிடுக்காக உட்கார்ந்துகொண்டான். டாக்டர் பேனாவை விடக் கொஞ்சம் பெரிய ஒரு குழாயைக் காலுக்கு மேலே மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தார், சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி. "கறுப்பு முடி வெளிச்சத்தை அதிகமா உறிஞ்சும் சார், சூடு ஏறும். அதனால கம்மியா வச்சு நிதானமா பண்றேன்" என்றார். எட்டு நிமிஷம். அவ்வளவுதான். பூஜை முடிந்தது, விபூதி மட்டும்தான் கொடுக்கவில்லை.

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். உங்களுக்கும் கொடுப்பார்கள், படியுங்கள். லேசர் செய்யும் இடத்தில் எண்ணெய், களிம்பு, பொடி எதையும் தடவக் கூடாது, சூடு பிடித்துத் தோல் வெந்துவிடும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. நான் இரண்டிலும் படித்தேன். தமிழில் இரண்டு பிழை. பேனாவால் திருத்தி ரிசப்ஷனில் கொடுத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மூன்று சிட்டிங் முடிந்தது. கால் தரையில் படவில்லை. நொண்டி நொண்டி மூன்று காலில்தான் நடந்தான். அதுவும் எப்படி? நான் மாடியிலிருந்து இறங்கி வருகிற சத்தம் கேட்டால் போதும், படுத்திருந்தவன் எழுந்து அந்த மூன்று காலோடு அடுத்த அறைக்குப் போய்விடுவான். நான் பிஸ்கட் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதே பிஸ்கட்டை அக்கா எடுத்துக் கொடுத்தால் தின்பான். ஒரு மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்?

அங்கேதான் ராமாத்தாள் வருகிறார். அக்காவுடன் ஆட்டோவில் வந்துகொண்டிருப்பது அந்த அம்மாதான். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை. சமையல், பாத்திரம், துணி, நாய் எல்லாம் அவர் கையில்தான். வயசு அறுபது இருக்கும். இரண்டு முட்டியிலும் வலி. மதியம் வேலை முடிந்ததும் சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து, ஒரு பச்சைப் பாட்டிலிலிருந்து தைலம் எடுத்துத் தேய்த்துக்கொள்வார். கற்பூர வாசனை தெரு வரைக்கும் வரும். ஒரு நாள் நான் இவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டு மனசு இளகியிருக்க வேண்டும். "தம்பி, இதுல நாலு சொட்டு எடுத்துத் தடவிப் பாருங்க. என்ற முட்டிய எந்திரிக்க வெச்சதே இதுதானுங்க" என்றார்.

அக்காவும் அங்கேதான் இருந்தாள். நான் விடுவேனா? ராமாத்தாக்கா, இது மருத்துவம், இதற்கு ஆராய்ச்சி இருக்கிறது, அளவு இருக்கிறது, நீங்கள் நினைத்ததையெல்லாம் தடவுவதற்கு இது மாட்டு வண்டி அச்சு இல்லை என்று ஒரு பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். அந்தத் தாளையும் எடுத்துப் படித்துக் காட்டினேன். அந்த அம்மா, "செரிங் தம்பி, எனக்கென்ன தெரியும்" என்று பாட்டிலை மூடி ஜன்னல் மேட்டில் வைத்துவிட்டார். அக்கா வேறு, "ராமாத்தா, இவன் கால்ல எதையாச்சும் தடவிப் போட்றாத" என்று கண்டித்தாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு நான் அந்தப் பாட்டிலை எடுத்தேன்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? பரிசோதனைதான். எந்தப் பொருளையும் சோதித்துப் பார்க்காமல் ஒதுக்குவதும் ஒரு மூடநம்பிக்கைதான். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி இவன் காலில் தேய்த்தேன். இவன் முதலில் உறுமினான். அப்புறம் உறுமலை நிறுத்தினான். அப்புறம், நம்ப மாட்டீர்கள், தலையைத் தூக்கி என் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். விபத்துக்கு அப்புறம் முதல் தடவையாக. நான் ஒரு மணி நேரம் அசையவில்லை. கால் மரத்துப்போய்விட்டது.

அப்புறம் ஞாயிறும் தடவினேன். திங்களும் தடவினேன். திங்கள் லேசர் நாள் என்பதால் ஈரத்துணியில் ஷாம்பு போட்டுத் துடைத்துவிட்டுத்தான் கூட்டி வந்தேன், நான் ஒன்றும் பொறுப்பில்லாதவன் கிடையாது. செவ்வாயும் தடவினேன், அன்று இவன் அந்தக் காலின் நுனியைத் தரையில் வைத்தான். வைத்து எடுத்தான், அவ்வளவுதான், ஆனால் வைத்தான். அக்கா அடுக்களையிலிருந்து ஓடி வந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு சிட்டிங் லேசரின் வேலை என்று டாக்டர் சொல்லுவார். தைலத்தின் வேலை என்று ராமாத்தாள் சொல்லுவார். யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் தற்பெருமை பேசுகிறவன் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் புதன்கிழமை காலை கொஞ்சம் தாராளமாகவே தடவிவிட்டேன். துடைப்பது அன்றைக்கு விட்டுப்போனது.

இதோ இந்த அறைதான். குழாயை வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இவன் வீறிட்டான் பாருங்கள்! நாய் கத்துகிற சத்தம் இல்லை சார் அது. திரும்பி டாக்டரின் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டான். அவர் இயந்திரத்தை நிறுத்தி, பஞ்சால் காலைத் துடைத்து, பஞ்சை மோந்து பார்த்தார். காலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்து போயிருந்தது. "யாராவது ஏதாவது தடவினீங்களா சார்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன்" என்றேன். இதில் ஒரு பொய் இருக்கிறதா, சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. வீட்டுக்குப் போனதும் அக்கா இவன் காலை மோந்து பார்த்தாள். நேரே சமையல்கட்டுக்குப் போனாள்.

"ராமாத்தா, நான் அவ்வளவு சொல்லியும் தடவிப் போட்டியா?"

"நான் தடவலீங் அம்மிணி."

"அப்புறம்? தாசில்தாரே எந்திரிச்சுப் போய் பாட்டிலத் தொறந்து தடவிக்கிட்டானா?"

அந்த அம்மா ஜன்னல் மேட்டிலிருந்து பாட்டிலை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பாதிக்கு மேல் காலி. அளவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் பார்த்து மூக்குக் கண்ணாடியில் அழுக்கு. துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து மாட்டிப் பார்க்கும்போது அவர் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அக்கா சொன்னது காதில் விழுந்தது. பதினோரு வருஷம் வேலை செய்தவரை ஒரே வாக்கியத்தில். அக்காவுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. என் மேல் வராத கோபம் எல்லாம் எங்கேயோ சேர்ந்து இருந்திருக்கிறது போல.

என்ன? நான் ஏன் சொல்லவில்லையா? சார், என்னை யாரும் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம் கிடையாது.

தோல் ஆறுவதற்காக லேசரை நிறுத்திவைத்தார்கள். மூன்று வாரம். மூன்று வாரமாக வீட்டில் நடந்த கூத்து இருக்கிறதே! அக்கா சமைக்கிறாள், அக்கா துவைக்கிறாள், அக்கா முதுகைப் பிடித்துக்கொள்கிறாள். இவன் வாசலில் படுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்குக் கேட்டையே பார்க்கிறான், அதுதான் அந்த அம்மா வருகிற நேரம். ராமாத்தாள் ஏதோ லேடீஸ் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவப் போகிறார், நாள் பூரா நின்றபடி வேலை என்று இஸ்திரிக்காரர் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே தலையிட்டேன். "அக்கா, வயசானவங்க, தெரியாம பண்ணிட்டாங்க, மன்னிச்சு விட்டுடு. நான் மன்னிச்சுட்டேன்" என்றேன்.

ஆமாம் சார், அப்படித்தான் சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது.

அக்கா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அவ செஞ்சதுகூட எனக்குப் பெருசில்ல மோகனு. இல்லைன்னு பொய் சொன்னா பாரு, அதுதான். ஒத்துக்கட்டும், நாளைக்கே வரட்டும்" என்றாள்.

எவ்வளவு சுலபமான நிபந்தனை பாருங்கள். நானே தூது போனேன். ஒற்றை அறை வீடு. ஒரு ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டார், டீ கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் தடவுனேன்னு சொல்லோணுமுங்களா தம்பி?"

"சும்மா ஒரு வார்த்தைக்கா. ஒரே ஒரு தடவை, தெரியாம தடவிட்டேன்னு சொன்னாப் போதும். அக்கா மனசு ஆறிடும்."

அந்த அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டார். ஹாஸ்டல் ஈரத்தில் விரல் எல்லாம் வெளுத்து, சுருங்கிப் போயிருந்தது. "செரிங், சொல்லிப்போடறேன்" என்றார். நான் செருப்பு மாட்டும்போது, "இப்ப கால ஊனுறானுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு வியாதி, திட்ட வேண்டிய நேரத்தில் திட்ட மாட்டார்கள்.

எல்லாம் அழகாக முடிந்திருக்கும். நேற்று இந்த டாக்டர் போன் பண்ணிக் கெடுத்துவிட்டார். தோல் ஆறிவிட்டது, ஆனால் மறுபடி ஆரம்பிப்பதற்கு முன்னால் எண்ணெய் தடவியவரையே நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள், என்ன எண்ணெய், எத்தனை நாள், எவ்வளவு என்று நான் கேட்க வேண்டும் என்றார். எதற்கு இவ்வளவு ஆடம்பரம் என்றேன். "சார், அஞ்சாறு நாள் தொடர்ந்து தடவி, துடைக்காம கூட்டிட்டு வந்திருந்தா அது எண்ணெயோட தப்பு. நல்லாக் கழுவிட்டு ஆரம்பிக்கலாம். ஒரே தடவை லேசாத் தடவுனதுக்கே இப்படி வெந்துச்சுன்னா இவன் தோலுக்கு லேசரே ஆகாது. நான் நிறுத்திடுவேன். மூட்டு இறுகிட்டா அப்புறம் மூணு கால்தான்" என்றார்.

புரிகிறதா உங்களுக்கு? நான் ஒரே தடவை என்று சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாவின் நன்மைக்கு. குற்றத்தைக் குறைத்துக் காட்டினேன். அது இப்போது இவன் காலில் வந்து நிற்கிறது.

இன்று காலை ராமாத்தாளுக்குப் போன் பண்ணினேன். சின்னத் திருத்தம், ஐந்து நாள் என்று சொல்லிவிடுங்கள், டாக்டருக்கு அதுதான் வேண்டும் என்றேன்.

"அது முடியாதுங் தம்பி" என்றார்.

"ஏன்க்கா? ஒண்ணுன்னு சொல்றவங்க அஞ்சுன்னு சொன்னா என்ன?"

"ஒருக்கா தெரியாம செஞ்சவ வேற, அஞ்சு நாளு ஒளிஞ்சு ஒளிஞ்சு செஞ்சவ வேறீங். அஞ்சு நாளுன்னா அம்மிணி மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கறது? நீங்க சொன்னீங்கன்னு ஒண்ணு ஏத்துக்கிட்டேன். அதுக்கு மேல என்னால ஆகாதுங்."

வைத்துவிட்டார். பிடிவாதம் சார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் இதுதான் கஷ்டம், எந்த இடத்தில் வளைந்து கொடுக்க வேண்டும் என்று தெரிவதில்லை. நான் இப்போது என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். நான் போய் உண்மையைச் சொன்னால் அந்த அம்மா அக்காவிடம் ஒத்துக்கொண்டது பொய் என்று ஆகிவிடும். நேற்று மாலையே போனில் ஒத்துக்கொண்டுவிட்டார். அக்காவும் அழுது சமாதானமாகிவிட்டாள். அதையெல்லாம் கலைக்க வேண்டுமா? அவருடைய மரியாதையைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இதை யாராவது புரிந்துகொள்கிறார்களா? நீங்களும் பூனையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதோ, ஆட்டோ. நரைத்த கொண்டை, கண்ணாடி போட்டிருக்கிறவள் என் அக்கா பூங்கோதை. பின்னால் இறங்குகிறவர் ராமாத்தாள். சேலை கட்டியிருப்பதைப் பாருங்கள், கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. டாக்டரைப் பார்க்க வருகிறாராம்.

டேய், இரு, இரு! இழுக்காதே! பார்த்தீர்களா சார், மூன்று காலில் எவ்வளவு வேகம்? வாலைப் பாருங்கள், பின்பாதி உடம்பே ஆடுகிறது. அந்த அம்மா குனியப் பார்க்கிறார், முட்டி விடவில்லை. காலைத்தான் முதலில் பார்க்கிறார். அக்கா, இங்கே வா, இங்கே இடம் இருக்கிறது. ராமாத்தாக்கா, நீங்களும் உட்காருங்க.

மெதுவாகப் பேசுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாற்காலியின் ஓரத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி. உதடு அசைகிறது தெரிகிறதா? மந்திரம் ஒன்றும் இல்லை சார். "ஒருக்காத்தானுங்க, தெரியாமத் தடவிப் போட்டேன்." அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். நான் சொல்லிக்கொடுத்தது. இருபத்தொரு வருஷத்தில் எத்தனை சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன், பாடம் பண்ணிக்கொண்டு வருகிறவர்களை முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். எவனோ ஒரு மேலதிகாரி பின்னால் இருக்கிறான் என்று அர்த்தம். நான் அந்த மேலதிகாரியின் பெயரை அறிக்கையில் எழுதினதில்லை. ஆளைக் குற்றம் சொல்லக் கூடாது என்பது விதி.

கதவு திறக்கிறது. நர்ஸ்தான்.

"தாசில்தார் வந்தாச்சா? எண்ணெய் தடவினவங்க யாரு? அவங்க மட்டும் நாயைக் கூட்டிட்டு உள்ள வாங்க, மத்தவங்க வெளியவே இருங்க."

ராமாத்தாள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்கிறார். எழுந்திருக்க அவருக்கு நேரமாகும். முதலில் வலது முட்டி, அப்புறம் இடது. அக்கா தோளைப் பிடித்துத் தூக்கிவிடுகிறாள். "பயப்படாத ராமாத்தா, நடந்ததச் சொல்லு, ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்கிறாள்.

கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள் சார், நான் போகணும்.

ராமாத்தாக்கா, உட்காருங்க. அக்கா, அவங்கள விடு. சிஸ்டர், தடவினது நான். அஞ்சு நாள். நான் வர்றேன்.